ஒரு நாளைக்கு நூற்றைம்பது தட்டு

ரொட்டியை அடுப்பில் தள்ளுவதற்கு முன் அதன் முதுகில் பிளேடால் ஐந்து கோடு கீற வேண்டும். கீறாவிட்டால் உள்ளே உப்புகிற காற்று தனக்குப் பிடித்த இடத்தில் வெடித்துக்கொண்டு வெளியே வரும். ரொட்டி யாரிடமோ அடி வாங்கி வந்தது மாதிரி இருக்கும். வலது கைக்காரர் கீறினால் கோட்டின் மேல்முனை வலப்பக்கம் சாயும். நான் இடது கைக்காரி, என் கோடு இடப்பக்கம் சாயும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரொட்டியைத் தலைமாற்றி வைத்துப் பாருங்கள், சாய்வு மாறாது. மேசையில் எப்படிச் சுற்றினாலும் இடது இடதுதான். எங்கள் பேக்கரியில் இருபத்து மூன்று வருடமாகக் கீறுகிற கை என்னுடையது. ஆகவே எங்கள் ரொட்டி எந்தக் கடையில் எந்தப் பெயரில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படித் தெரிந்துகொள்வதில் சங்கடமும் உண்டு. சம்பந்தி வீட்டார் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா ஒரு வெள்ளைத் துணியைப் பிரித்து மேசைமேல் ரொட்டி ஒன்றை வைத்தார். பேக்கரி வைத்திருக்கிறவள் வீட்டுக்குக் கடைப் பண்டம் கொண்டுவந்தால் நன்றாக இருக்காது என்று நினைத்திருக்க வேண்டும். "நானே சுட்டது" என்றார். நான் பார்த்தேன். ஐந்து கோடு, ஐந்தும் இடப்பக்கம். அவர் தெருவில் இருக்கும் பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கு நாங்கள்தான் ரொட்டி போடுகிறோம். அவர்கள் கொடுக்கும் ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவோம், அவர்கள் பெயரில் விற்பார்கள். ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த இடத்தில் பசை இன்னும் மினுமினுத்தது.

அவர் ஓய்வு பெற்ற எடை அளவு ஆய்வாளர். முப்பது வருடம் கடை கடையாகப் போய்த் தராசைப் பிடித்தவர். எங்களைப் போன்றவர்கள் அந்த உத்தியோகத்தின் பெயரைக் கேட்டாலே தராசைத் துடைத்து வைப்பார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, பதம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றேன். என் கணவர் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனவர் கொஞ்ச நேரம் வரவில்லை.

கல்யாணம் நடந்தது. மகள் அந்த வீட்டுக்குப் போனாள். மாமியார் கெடுதலானவர் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் எடை போடுகிறவர். மகள் வைத்த தேநீருக்கு ஒரு மதிப்பெண், மடித்த துணிக்கு ஒரு மதிப்பெண். எங்கள் பக்கத்தைப் பற்றி நாலு மாதமாக அவர் வாயிலிருந்து நல்லதாக ஒரு வார்த்தையும் வரவில்லை, கெட்டதாகவும் வரவில்லை. தராசு முள் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு மாவு பிசையும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. நான் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டேன்.

"நீங்க தட்டு சுடுவீங்கன்னு மருமக சொன்னா. நிஜமா சம்பந்தி?"

"ஆமாங்க. இருபத்தி மூணு வருஷமா அதுதானே."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"நூத்தம்பது தட்டு. சனிக்கிழமைன்னா இருநூறு."

அந்தப் பக்கம் பேனாவால் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"நூத்தம்பதுல எத்தனை வீணாகும்?"

"ஒண்ணு, ரெண்டு. அதுவும் என் கவனம் வேற எங்கயாவது இருந்தாத்தான்."

"தோள் வலிக்காது?"

"வலிக்கும். அதுக்குத்தான் துணிய மடிச்சுத் தோள்ல போட்டுக்குவேன். இடது கைக்காரி வேற. எல்லாரும் ஒரு பக்கம்னா நான் ஒரு பக்கம்."

இதுவரை இத்தனை மரியாதையாக அவர் என்னிடம் பேசியதில்லை. எங்கள் கிளப்பில் ஆண்டு விழா வருகிறது, உங்கள் பெயரைப் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். ரொட்டிக் கடை ஏதோ போடச் சொல்கிறார் என்று நினைத்து, தாராளமாகப் போடுங்கள் என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. மண் தட்டு சுடும் கிளப், குடும்ப ஜோடிப் போட்டி, ஆளுக்கு இருபத்தைந்து தட்டு, சொந்தத் துப்பாக்கி கொண்டுவரவும், காது அடைப்பான் கட்டாயம். கீழே செயலாளர் கையெழுத்து. செயலாளர் என் சம்பந்தி.

நான் மாவுக் கையோடு கடிதத்தை மூன்று தடவை படித்தேன். விஷயம் இதுதான். எங்கள் பேக்கரியில் தட்டு என்றால் ஆறு ரொட்டி வைக்கும் இரும்புத் தட்டு. இன்று எத்தனை தட்டு சுட வேண்டும் என்றுதான் காலையில் பேச்சே ஆரம்பிக்கும். சம்பந்தி வீட்டில் தட்டு என்றால் உள்ளங்கை அகலத்தில் ஒரு மண் வில்லை. இயந்திரம் அதை வானத்தில் விசிறி எறியும், அது கீழே விழுவதற்குள் துப்பாக்கியால் சுட்டு உடைக்க வேண்டும். எங்கள் அம்மா தட்டுத் தட்டாகச் சுடுவாள் என்று என் மகள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். சொன்னது சரி. கேட்டது வேறு வீடு.

அப்போதே போன் செய்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். கையில் போனை எடுத்தும் விட்டேன். அதற்குள் மகள் கூப்பிட்டாள். அவளுக்கு இந்தக் குழப்பம் எதுவும் தெரியாது. விழாவில் நான் ஏதோ செய்யப் போவதாக மட்டும் புரிந்திருந்தது. "அம்மா, அத்தை உன்னைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்காங்க. பதினோரு வருஷமா மாட்டு டாக்டரும் அவர் சம்சாரமும்தான் ஜெயிக்கிறாங்களாம். இந்த வருஷம் என் சம்பந்தி வரட்டும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. இன்னிக்கு நான் வச்ச டீய நல்லா இருக்குன்னு சொன்னாங்கம்மா."

தராசு முள் எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. இப்போது நான் வாயைத் திறந்தால் பொய் சொன்னவள் ஆகப்போவது நான் இல்லை, அவள். போட்டிக்கு ஏழு வாரம் இருந்தது. என் கணவரிடம் சொன்னேன். பேக்கரி வண்டி ஓட்டுவதும், நான் செய்கிறதைப் பற்றிக் கருத்துச் சொல்வதும் அவர் வேலை.

"ஏம்மா, ஒரு தட்ட ரெண்டு தடவ சுட்டா கருகிடும். இந்தத் தொழில்ல நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார்.

சம்பந்தி காதுக்கு எட்டக் கூடாது என்பதற்காகப் பக்கத்து ஊருக்குப் போனோம். அங்கே ஒரு துப்பாக்கிக் கடையும் அதன் பின்னாலேயே பயிற்சி மைதானமும் இருந்தன. படிவங்கள் நிரப்பி, மருத்துவச் சான்று கொடுத்து, புதியவர்களுக்கான அனுமதிச் சீட்டு வாங்கினேன். துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, பொறுப்பாளர் பக்கத்தில் இருக்கும்போது மைதானத்தில் மட்டும் தொடலாம். எனக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.

கடையில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர், ஒற்றைக் குழல் தானியங்கித் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தார். இது சுட்டவுடன் காலித் தோட்டாவைத் தானே வெளியே துப்பிவிடும். எந்தப் பக்கம் துப்பும் என்பதுதான் கேள்வி. வலது தோளில் வைத்தால் வலப்பக்கம், யாருக்கும் தொல்லையில்லாமல் வெளியே போகும். இடது தோளில் வைத்தால் அந்த வலப்பக்கத்தில் என் முகம் இருக்கிறது. முதல் தோட்டா மூக்கு நுனிக்கு முன்னால் பறந்தது. இரண்டாவதுக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு சுடுவது எந்தக் கிளப்பிலும் அனுமதிக்கப்படுவதில்லை.

அடுத்தது இரட்டைக் குழல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. மேலேயுள்ள நெம்புகோலைத் தள்ளினால் நடுவில் மடங்கித் திறக்கும். காலித் தோட்டா பின்பக்கமாக வரும், முகத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த நெம்புகோல் வலது கைக் கட்டைவிரலுக்காக வைத்தது. இடது கட்டைவிரலால் தள்ள நான் கையைத் திருகிய திருகில் என் கணவர் எனக்குச் சுளுக்கு என்று நினைத்துவிட்டார். இருபத்தைந்து தட்டு பறந்தது. இருபத்தைந்தும் முழுசாகத் தரையிறங்கின. கன்ன எலும்பு வீங்கிப்போனது. துப்பாக்கிக்கும் வலது கை, இடது கை உண்டா என்று கேட்டேன்.

"நூத்துக்குத் தொண்ணூறு பேர் வலது கை மேடம். நீங்கதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்றார் விற்பனையாளர்.

இந்த வார்த்தையை நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கத்தரிக்கோல், டின் திறப்பான், பள்ளிக்கூடத்து நாற்காலியோடு ஒட்டிய எழுதுபலகை, எங்கள் மாவு இயந்திரத்தின் கைப்பிடி, எல்லாமே என்னிடம் அதைத்தான் சொல்லின. ஆனால் மாவு இயந்திரம் என் கன்னத்தில் அறைந்ததில்லை.

மைதானத்தின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே மரத்தூள் வாசனை. அங்கே இருந்தவரை எல்லாரும் கட்டைக்காரர் என்றார்கள். தோளில் வைக்கும் பின்பக்க மரத்துக்குக் கட்டை என்று பெயர். அதைச் செதுக்குவதும் வளைப்பதும்தான் அவர் தொழில். முன்பு வயலின் பழுது பார்த்தவராம். "அதுவும் தோளுக்கும் தாடைக்கும் நடுவுல வைக்கிற கட்டைதானே மேடம்" என்றார். வீங்கிய கன்னத்தைப் பார்த்துவிட்டு, எந்தத் துப்பாக்கி என்று கேட்காமலே தெரிந்துகொண்டார். நாளைக்கு வாருங்கள், வேலை உடுப்போடு வந்தாலும் பரவாயில்லை, அளவெடுக்கிறேன் என்றார். அதனால் மறுநாள் பேக்கரியிலிருந்து அப்படியே போனேன். தலையில் மாவு, தோளில் துணி, காலில் ரப்பர் செருப்பு.

முதலில் கண்ணைச் சோதித்தார். ஒரு அட்டையின் நடுவே துளை. அதை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்து, இரண்டு கண்ணையும் திறந்துவைத்து, துளை வழியாக அவர் மூக்கைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலது கண்ணை மூடினேன், மூக்கு இருந்தது. இடது கண்ணை மூடினேன், மூக்கைக் காணோம். அப்படியென்றால் இரண்டு கண்ணில் குறி பார்க்கிற கண் இடது கண். சிலருக்குக் கை ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் இருக்குமாம், அவர்கள் பாடு திண்டாட்டம். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். மூக்குக்கு ஆள் கிடைக்காவிட்டால் கதவுப்பிடி போதும்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை அந்தக் கொட்டகையிலேயே உட்கார வைத்தது. இந்த வகைத் துப்பாக்கியில் முன்னால் ஒரு சின்ன மணி மட்டும் உண்டு, பின்னால் குறி பார்க்க ஒன்றும் கிடையாது. பின்குறி நம் கண்தான். கண் எங்கே நிற்கும் என்பதைக் கன்னம் தீர்மானிக்கிறது. கன்னம் எங்கே நிற்கும் என்பதைக் கட்டை தீர்மானிக்கிறது. கடையில் விற்கிற கட்டை வலது கைக்காரருக்காகப் பின்பக்கம் வலப்புறம் ஒரு நூல் வளைந்திருக்கும். இடது கைக்காரி எடுத்து வைத்தால் அந்த வளைவு அவள் முகத்தை நோக்கி வந்து கன்னத்தை இடிக்கும், கண்ணையும் வலப்புறம் தள்ளும். கண் வலப்புறம் போனால் குண்டும் வலப்புறம் போகும். நான் குறி தப்பவே இல்லை. என் தட்டுக்கு வலது கைப்பக்கம் ஒரு முழம் தள்ளி இல்லாத தட்டு ஒன்றை இருபத்தைந்து தடவை ஒழுங்காகச் சுட்டிருக்கிறேன்.

நீளமும் இப்படித்தான். கட்டை நீளமாக இருந்தால் தூக்கும்போது அக்குளில் மாட்டும். குட்டையாக இருந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும், முகமும் முன்னால் ஏறும். கட்டையின் மேல்விளிம்பு முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் சரிகிறது. முகம் முன்னால் போனால் கண் மேலே ஏறும். கண் மேலே ஏறினால் குண்டும் மேலே போகும். கன்னத்தில் ஒரு நூல் பிசகினால் அங்கே ஆகாயத்தில் ஒரு முழம் பிசகும்.

அவரிடம் அளவுத் துப்பாக்கி என்று ஒன்று இருந்தது. கட்டை முழுக்கத் திருகாணியும் கீலும். நீட்டலாம், குறுக்கலாம், இரண்டு பக்கமும் வளைக்கலாம். அதை மடக்கித் திறந்து, குழலுக்குள் ஒன்றுமில்லை என்று என்னைப் பார்க்கச் சொன்னார், தானும் பார்த்தார், மறுபடி என்னைப் பார்க்கச் சொன்னார். பிறகு பத்தடி தள்ளி நின்று தன் வலது கண்ணுக்குக் கீழே விரலை வைத்தார்.

"இப்ப என் கண்ணக் குறி பாருங்க."

"உங்க கண்ணையா சார்?"

"குழலோட முனையில உங்க கண்ணு எங்க உக்காந்திருக்குன்னு எதிர்ல நிக்கிறவனுக்குத்தான் தெரியும். தைரியமா பாருங்க. பயப்பட வேண்டியவன் நான்."

தூக்கினேன். இறக்கினேன். ஒவ்வொரு முறையும் அவர் வந்து ஒரு திருகாணியைக் கால் சுற்று திருகிவிட்டு மறுபடி எதிரே போய் நின்றார். இருபது தடவை இருக்கும். இருபத்தோராவது தடவை தூக்கியபோது துப்பாக்கி தானாக வந்து கன்னத்தில் உட்கார்ந்துகொண்டது. நான் எதையும் தேடவில்லை. குழலின் மேல் பட்டை ஒரே கோடாக ஓடியது, அதன் முனையில் கட்டைக்காரரின் கண். எனக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருளைத் தொடுவது எப்படி இருக்கும் என்று எனக்கு ஐம்பத்தோரு வயதில்தான் தெரிந்தது.

அந்த அளவுக்குத் தன்னிடமிருந்த பழைய இரட்டைக் குழல் ஒன்றின் கட்டையை நீளத்துக்கு அறுத்து, வளைத்துக் கொடுத்தார். இதுவும் சமையல் மாதிரிதான். சூடான எண்ணெயில் நனைத்த துணியை மரத்தின் கழுத்தில் சுற்றி இளக வைத்து, இடுக்கியில் பிடித்து மெல்ல இடப்பக்கம் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் முறிந்துவிடும். என் கணவர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, இங்கேயும் சுடுகிற வேலைதானா என்றார்.

பிறகு ஐந்து வாரம், காலை வேலை முடிந்ததும் பேக்கரி வண்டியிலேயே போய்ப் பயிற்சி. முதல் நாள் நாலு தட்டு உடைந்தது. அப்புறம் ஒன்பது. அப்புறம் ஒன்பதிலேயே நின்றது. நான் விசையை அழுத்தும்போது, தட்டு உடைகிறதா என்று பார்க்கத் தலையைத் தூக்குகிறேன் என்று கட்டைக்காரர் கண்டுபிடித்தார். தலை தூக்கினால் கண் மேலே, குண்டும் மேலே. எத்தனையோ விதமாகச் சொன்னார், எனக்கு வரவில்லை. கடைசியில் வேலையில்லாமல் நின்ற என் கணவர்தான் சொன்னார்: "ஏம்மா, ரொட்டி வெந்துச்சான்னு நடுவுல அடுப்பத் தொறந்து பாக்குறவன என்ன திட்டுவ? அதையே உன்னைத் திட்டிக்க."

அன்றைக்குப் பதினைந்து. போட்டிக்கு முந்தின வாரம் பதினேழு. நூற்றைம்பதில் ஒன்றிரண்டு வீணாகும் என்று சொன்னவளுக்கு இது போதாதுதான். ஆனாலும் அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிற தூரத்துக்கு வந்துவிட்டேன்.

போட்டி நாள் காலையில் மகள் புதுச் சட்டை ஒன்றைக் கொடுத்தாள். நீல நிறம், மெல்லிய துணி, தோளில் சின்னதாக மடிப்பு. விடிவதற்கு முன்பே அன்றைய ரொட்டியைக் கீறி அடுப்பில் தள்ளிவிட்டுத் தலையிலிருந்த மாவையெல்லாம் அலசியிருந்தேன். கட்டைக்காரர் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டிக் கொண்டுவந்து, பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். சம்பந்தி என்னைக் கிளப் முழுக்க அழைத்துப் போய் அறிமுகப்படுத்தினார். மாட்டு டாக்டர் என் கையைக் குலுக்கிவிட்டு, ஒரு நாளைக்கு நூற்றைம்பதா என்று கேட்டார். சனிக்கிழமை இருநூறு என்று சம்பந்தியே பதில் சொன்னார்.

நாலு பேரும் மாறி மாறிச் சுட வேண்டும். டாக்டர், அவர் மனைவி, சம்பந்தி, நான். சம்பந்தி சுட்டதைப் பார்க்கவே அழகாக இருந்தது. சரியாக எடை போட்டு வைப்பது மாதிரி ஒவ்வொரு தட்டும் பொடியாயிற்று. என் முறை வந்தது. துப்பாக்கியைத் தூக்கினேன். கட்டைவிரல் மூக்கில் இடித்தது. தட்டு முழுசாகப் போய் விழுந்தது.

"ஒண்ணு ரெண்டு வீணாகும்னு சொன்னீங்கல்ல" என்றார் சம்பந்தி, அன்பாக.

இரண்டாவதும் போனது. மூன்றாவதில் ஓரம் மட்டும் உடைந்தது, கணக்கில் சேர்த்தார்கள். நாலு, ஐந்து, ஆறு, ஏழு. அதே துப்பாக்கி, அதே கண், அதே கன்னம். ஆனால் ஒவ்வொரு தடவையும் மூக்கில் இடி. கட்டைக்காரர் கயிற்றுக்கு அப்பால் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார், அளவு எங்கே பிசகியது என்று. சம்பந்தி எண்ணுவதை நிறுத்திவிட்டார். மகள் மாப்பிள்ளைக்குப் பின்னால் கொஞ்சம் மறைந்து நின்றாள்.

அப்போது எங்கள் பேக்கரி வண்டி உள்ளே வந்தது. கிளப்பின் மதிய உணவுக்கு ரொட்டி. சூப்பர்மார்க்கெட்டில் சொல்லி வைத்திருந்தார்களாம், நேராக எங்கள் அடுப்பிலிருந்து வருகிறது. என் கணவர் பின்கதவைத் திறந்து, ஒரு தட்டைத் தூக்கித் தோளில் வைத்தார். வைப்பதற்கு முன் நாலாக மடித்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் என் இடது தோளைத் தொட்டுப் பார்த்தேன். மெல்லிய நீலத் துணி. அதற்கடியில் நான்.

அளவெடுத்த அன்று தோளில் துணி இருந்தது. ஐந்து வாரமும் இருந்தது. இருபத்து மூன்று வருடமாக இருக்கிற துணியை யாராவது துணி என்று நினைப்பார்களா? கட்டைக்காரரும் அதை என் தோளோடு சேர்த்தே அளந்துவிட்டார். நாலு மடிப்புக் கனத்துக்கு, ஒரு விரல் அகலத்துக்கு, என் துப்பாக்கி குட்டை.

நடுவரிடம் ஒரு நிமிடம் கேட்டேன். தோளில் துணி போடலாமா என்றதற்கு அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். துணிக்கு எதிராக ஒன்றும் இல்லை. கணவரைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். அவர் ரொட்டித் தட்டோடு மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். தட்டைச் சம்பந்தி பக்கத்து மேசையில் வைத்துவிட்டுத் துணியை என் தோளில் போட்டு ஒரு தட்டுத் தட்டினார். சம்பந்தி தட்டிலிருந்த ரொட்டிகளையும் அவற்றில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். பிறகு என்னை. அவர் முகத்தில் இருந்த நிறம் போய்விட்டது. சரி, எல்லாம் தெரிந்துவிட்டது, முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது தட்டு பறந்தது. துப்பாக்கி வந்து கன்னத்தில் உட்கார்ந்தது. அடுப்பைத் திறக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விசையை அழுத்தினேன். தட்டு பொடியாகி உதிர்ந்தது. கட்டை பின்னால் உதைத்த வேகத்தில் என் தோளிலிருந்து கால் படி மாவு புஸ்ஸென்று கிளம்பியது. மாட்டு டாக்டர் நடுவரிடம் போய், இவர் துப்பாக்கியில் இரண்டு பக்கமும் புகை வருகிறதே, இது சரியா என்று கேட்டார். நடுவர் மறுபடி புத்தகத்தைப் புரட்டினார்.

அதையும் சேர்த்து மீதிப் பதினெட்டில் பன்னிரண்டு உடைத்தேன். புதுச் சட்டை வெள்ளையாகிவிட்டது. ஆனால் என்ன காரணமோ சம்பந்தி தப்ப ஆரம்பித்தார். ஏழுக்கு ஏழு அடித்தவர் அடுத்த பதினெட்டில் ஐந்தை விட்டார். முடிவில் எனக்குப் பதின்மூன்று, அவருக்கு இருபது, மொத்தம் முப்பத்து மூன்று. டாக்டர் ஜோடிக்கு முப்பத்து நாலு. வழக்கமாகச் சம்பந்தி இருபத்திரண்டுக்குக் குறையாதவர்.

வண்டியின் பின்கதவுக்குப் பக்கத்தில் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் போய் நின்றேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

"சம்பந்தி, மக மேல தப்பில்ல. அவ சொன்னது ரொட்டித் தட்டு. உங்க காதுல விழுந்தது மண் தட்டு. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவர் ஆய்வாளர் அல்லவா, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"நூத்தம்பது?"

"ரொட்டித் தட்டு. ஒரு தட்டுக்கு ஆறு ரொட்டி."

"வீணாகுறது?"

"கருகிப் போறது."

"தோள் வலி?"

"தூக்கித் தூக்கி."

"அப்ப துப்பாக்கி?"

"ஏழு வாரம்."

அவர் தலையாட்டினார். கோபம் மாதிரியும் தெரியவில்லை. ரொட்டி ஒன்றை எடுத்து ஸ்டிக்கரைத் தடவினார்.

"இவங்களுக்கு எத்தனை வருஷமா போடுறீங்க?"

"ஒம்பது வருஷமா."

"அப்ப அன்னிக்கு நான் உங்க வீட்டுக்குக் கொண்டுவந்தது..."

"பதம் நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். அவர் தப்பிய ஐந்து தட்டுக்கும் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னால் இல்லை, ரொட்டியால்.

"ஸ்டிக்கர எடுத்துட்டேனே. எப்படித் தெரிஞ்சுது?"

கோடுகளைக் காட்டினேன். அவர் ரொட்டியைத் தலைமாற்றிப் பார்த்தார். மறுபடி மாற்றிப் பார்த்தார். எப்படிச் சுற்றினாலும் இடது. முப்பது வருடம் பொய் எடைக்கல்லைப் பிடித்தவரைச் சின்னக் கீறல் பிடித்துக்கொடுத்துவிட்டது.

"நானே சுட்டதுன்னு வேற சொன்னேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"அதுல பொய் என்ன இருக்கு சம்பந்தி? நான் சுட்டத நீங்க சுட்டுட்டீங்க."

தராசு முள் ஆடி அடங்குகிற நேரம் ரொட்டியைக் கையில் தூக்கி எடை பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்தபடியே என் தோளில் தட்டியதில் துணியிலிருந்த மாவு அவர்மேலும் பட்டது. மகள் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். சம்பந்தி அவள் கையைப் பிடித்து, "உங்க அம்மாவப் பத்தி நீ சொன்னதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்ல" என்றார்.

கட்டைக்காரர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, துணியில்லாமல் மறுபடி அளவெடுக்கிறேன் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குச் சரியாக இருக்கிற ஒரே பொருள் அது, அதில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருடத்துக்கு எங்கள் பெயரைச் சம்பந்தி அன்றைக்கே எழுதிவிட்டார், பக்கத்தில் 'துணி உண்டு' என்று குறிப்போடு.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். வெள்ளைத் துணியைப் பிரித்து மேசைமேல் ஒரு ரொட்டியை வைத்தார். நானே சுட்டது என்று சொல்லவில்லை, நான் பார்க்கட்டும் என்று காத்திருந்தார். ஐந்து கோடு. ஐந்தும் வலப்பக்கம்.

சந்தேகமே இல்லை, அவர் சுட்டதுதான். கத்தி இறங்கவில்லை. என் கணவர் மேசையில் அதை ஒரு தட்டுத் தட்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என் காதருகே குனிந்தார்.

"ஏம்மா, இதை வானத்துல எறிஞ்சா உன் துப்பாக்கிக்கு உடையாது."